அண்ணன் செய்த பயிற்சியையே செய்யுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். என் அண்ணன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளிக்குப் போவதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் எங்கள் பகுதி மைதானத்தில் காசு வாங்காமல் இருபது, இருபத்தைந்து பேருக்குப் பயிற்சி கொடுப்பார். மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு, 12 சூரிய நமஸ்காரம், கேலரிப் படி ஏறி இறங்குவது, கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று சத்தமாக எண்ணிக்கொண்டே 20 பஸ்கி. இதுதான் அவருடைய வழக்கம். யாராவது பின்தங்கினால் இவர் திரும்பி ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்து வருவார். போன பங்குனியில் ஒரு ராத்திரி ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். விடிவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். வயது 49.

அதோடு குழுவும் கலைந்துவிட்டது. ‘எக்சர்சைஸ் பண்ணினவரே போயிட்டாரு, நமக்கெதுக்கு’ என்று பேச ஆரம்பித்தார்கள். இப்போது முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. பழைய ஆட்கள் 24 பேர் ஒன்றாகச் சேர்ந்து அவர் நினைவாகப் பயிற்சி செய்யலாம் என்கிறார்கள். ஒருவர் ஃபோனில் ‘மர்ஃப்’ என்ற அமெரிக்கப் பயிற்சியைக் காட்டினார். அதைச் செய்துவிட்டு, அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவும் ஓடி ஏறலாம் என்பது திட்டம். அண்ணன் மகனுக்கு 15 வயது. எடை ஜாக்கெட் போட்டுக்கொண்டு முழுவதையும் செய்வேன் என்று நிற்கிறான். அண்ணி பிபி மாத்திரை சாப்பிடுகிறவர், பயிற்சியே செய்ததில்லை, அவரும் வருகிறேன் என்கிறார். அம்மாவோ ‘செத்த நாள்ல குதிச்சு ஆடுவாங்களா’ என்று அழுகிறார். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இதைச் செய்யலாமா? எப்படிச் செய்வது?
— வாசகி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். மர்ஃப் மட்டும் வேண்டாம், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடுவதும் வேண்டாம். வேறு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். அம்மா, அண்ணி, பையன் எல்லாரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு வந்திருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அம்மா, அக்கா, தங்கை என்றால் 65 வயதுக்கு முன்னால் என்று கணக்கு. உங்கள் அண்ணனுக்கு 49. அப்படியென்றால் நீங்கள், உங்களுக்கு வேறு உடன்பிறப்புகள் இருந்தால் அவர்கள், அண்ணன் மகன் எல்லாரும் இந்தக் கணக்குக்குள் வருகிறீர்கள். பயிற்சி ஆரம்பிக்கும் வாரத்திலேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக ‘என் அண்ணன் 49 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார், நான் பயிற்சி ஆரம்பிக்கப் போகிறேன்’ என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் ‘சும்மா ஒரு செக்கப்’ என்று போனால் பிபியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடக் கூடும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை (மூன்று மாதச் சராசரியும் சேர்த்து), கொழுப்பு அளவு, ஈசிஜி ஆகியவை அடிப்படை. எக்கோ, டிரெட்மில் சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். லிப்போ புரோட்டீன் ஏ, அதாவது Lp(a), என்ற ஒருவகைக் கொழுப்பைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்த அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, நம் நாட்டுக்காரர்கள் பலருக்கு அதிகமாக இருப்பது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும், அதையும் கேட்டுப் பாருங்கள். செலவுக்கு யோசிக்க வேண்டாம், சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி நார்மல் என்று வந்தாலே இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, முன்பைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது என்றால், அந்தத் தாளைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளாமல் மறுபடியும் மருத்துவரிடம் போங்கள்.

பையனுக்கும் ஒரு கொழுப்புப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சில குடும்பங்களில் பிறவியிலிருந்தே கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. 15 வயதில் தெரிந்தால் 40 வயதில் வரக்கூடியதைத் தள்ளிப்போடலாம்.

சோடாவைப் பற்றி. அன்று ராத்திரி அதை எடுத்துக் கொடுத்தது நீங்களாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம். ‘அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா’ என்ற நினைப்பு இந்த ஒரு வருடமாக உங்கள் வீட்டில் யாரையோ தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மாரடைப்பு, வயிற்று உப்புசம் போலவும் நெஞ்செரிச்சல் போலவும் வரும். மருத்துவம் படித்தவர்களே தங்கள் விஷயத்தில் அதை வாயு என்று நினைத்துப் படுத்துவிடுவது உண்டு. அண்ணன் தன் உடம்பை அறிந்தவர், அவருக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இனிமேல் தெரிந்துகொள்ளலாம். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ ஒரு அழுத்தம் பத்துப் பதினைந்து நிமிடமாக விடவில்லை, கூடவே குளிர்ந்து வியர்க்கிறது, தாடை, தோள், இடது கை, முதுகு என்று வலி பரவுகிறது என்றால் சோடா, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம், உடனே 108. பெண்களுக்கு நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் அசதி, மூச்சுத் திணறல், குமட்டல் என்று மட்டும்கூட வரலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் இருக்கிறது. உங்கள் 24 பேருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

சரி, ‘எக்சர்சைஸ் பண்ணினவரே போயிட்டாரு’ என்ற பேச்சுக்கு வருவோம். 2021-ல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோதும் ஊரெல்லாம் இதையே பேசினார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் பலர் பயந்து நின்றார்கள். பயிற்சி இதய நோயின் ஆபத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் பரம்பரை, கொழுப்பு, சர்க்கரை, புகை, தூக்கக்குறைவு ஆகியவற்றை மொத்தமாக அழித்துவிடாது. உங்கள் அண்ணன் மைதானத்தில் விழவில்லை, வீட்டில் படுக்கையில் போனார். வெளியே தெரியாமல் இருந்த அடைப்பை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆள் திடமாக இருக்கிறார், ஓடுகிறார் என்பதாலேயே அவரை யாரும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். பயிற்சி கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான், நோயாளி மாதிரித் தெரியாமல் இருப்பது.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் உணர்ச்சிவசப்பட்டு உயிரைக் கொடுத்துச் செய்வது இருக்கிறதே, அதுதான் ஆபத்து. பழக்கமில்லாத உடம்பு திடீரென்று கடுமையாக உழைக்கும்போது மாரடைப்பு வரும் வாய்ப்பு, தினமும் பயிற்சி செய்கிறவரைவிடப் பல மடங்கு அதிகம். நினைவு நாள் என்றால் முதல் நாள் ராத்திரி தூக்கம் இருக்காது, சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், ‘அண்ணனுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா’ என்று வலியையும் பொறுத்துக்கொள்வார்கள். மர்ஃப் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்த மர்ஃப் எங்கிருந்து வந்தது என்று உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். மைக்கேல் மர்ஃபி என்று அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற அதிரடிப் படைப் பிரிவில் ஒரு லெப்டினன்ட். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானில் சண்டையில் இறந்தார். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் 100 புல்-அப்ஸ், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடியும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், இதெல்லாம் உடம்பில் சுமார் 9 கிலோ எடை ஜாக்கெட்டோடு. இது அவர் உயிரோடு இருந்தபோது விரும்பிச் செய்த பயிற்சி. அதற்கு ‘பாடி ஆர்மர்’ என்று அவரே பெயரும் வைத்திருந்தார். அவர் போன பிறகு அதே பயிற்சிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் மே கடைசித் திங்கட்கிழமை, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், அமெரிக்கா முழுக்க அதைச் செய்கிறார்கள்.

கவனித்தீர்களா? அவருக்காக யாரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்ததையே செய்கிறார்கள், அவ்வளவுதான். நீங்களும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையைத்தான். நூறு புல்-அப்ஸ் உங்கள் அண்ணன் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் சொல்லிக் கொடுத்தது நாலு ரவுண்டு, 12 நமஸ்காரம், கேலரிப் படி, 20 பஸ்கி. உங்கள் கடிதத்திலேயே முழுப் பயிற்சியும் இருக்கிறது. அதற்கு அவர் பெயரை வையுங்கள்.

அதுவும் நல்ல பயிற்சி. வட்டமாக நின்று சத்தமாக எண்ணச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு வேலைத்திறன் இருக்கிறது. வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. பஸ்கியில் கீழே போய் எழும்போது பலரும் தங்களை அறியாமல் மூச்சை அடக்குவார்கள், அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எண்ணிக்கொண்டே எழுந்தால் மூச்சு தானாக வெளியே போகும். அவருடைய குழுவில் பிபிக்காரர்களும் இருந்திருப்பார்கள், அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார் என்றே எனக்குப் படுகிறது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் போட வேண்டாம், எண்ணும் சத்தம் கேட்கட்டும்.

இனி அந்த நாளின் அமைப்பு. நினைவு நாள் பயிற்சியில் வயதை எண்ணிக்கையாக வைப்பது எல்லாருக்கும் தோன்றும். 49 தண்டால், 49 பஸ்கி என்று போனால் பாதிப் பேர் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த 49-ஐ எல்லாருமாகச் சேர்ந்து பகிர்ந்துகொள்ளுங்கள். மைதானத்தைச் சுற்றி 49 ரவுண்டு. ஆளுக்கு 2 என்றால் 24 பேருக்கு 48 ஆகிவிட்டது. நாற்பத்தொன்பதாவது ரவுண்டை எல்லாரும் ஒன்றாக, நடந்து முடியுங்கள். அண்ணி அதில் வரட்டும். அம்மா மனது மாறி வந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் பாதி வழியில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

நாலு நாலு பேராக ஆறு குழு. ஒவ்வொரு குழுவிலும் நன்றாக ஓடுகிறவர் ஒருவர், மெதுவாக வருகிறவர் ஒருவர் இருக்கும்படி கலந்து விடுங்கள். மைதானம், கேலரிப் படி, நமஸ்காரம் என்று மூன்று இடம், ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு குழு. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறுங்கள். இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு ரவுண்டை நடந்தே முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்கும். முடிவில் வட்டம், 20 பஸ்கி, கடைசி ரவுண்டு. உடம்பைச் சூடாக்கும் முதல் பத்து நிமிடத்தையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். பங்குனியில் சேலம் வெயில் ஏற ஆரம்பித்துவிடும், அதனால் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழே காலுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

வலுவான ஆட்களுக்கு இது போதாது என்று தோன்றும். அவர்களுக்கு அண்ணனுடைய வேலையைக் கொடுங்கள். தங்கள் இரண்டு ரவுண்டை முடித்ததும் திரும்பி ஓடிப்போய்க் கடைசி ஆளோடு சேர்ந்து வர வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஜாக்கெட் போட்டு ஓடுவதைவிட இதில்தான் அவர் அதிகம் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பத்து வாரம் போதுமான காலம். முதல் இரண்டு வாரம் பரிசோதனையும் நடையும் மட்டும், வாரத்தில் நாலு நாள், அரை மணி நேரம். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மூன்றாவது வாரத்திலிருந்து பஸ்கியும் தண்டாலும் சேருங்கள். பஸ்கிக்கு முதலில் ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு உட்கார்ந்து எழுங்கள். நாற்காலியில் இடுப்பு மெதுவாகப் படும்போதே எழுந்துவிடத் தெரிந்த பிறகு நாற்காலியை எடுத்துவிடலாம். முட்டி வலி உள்ளவர்கள் கடைசி வரை நாற்காலியோடே செய்யலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. தண்டால் நினைவு நாளில் இல்லை என்றாலும் நமஸ்காரத்துக்குத் தோள் பலம் வேண்டும். அதற்குச் சுவரில் கை ஊன்றி ஆரம்பித்து, பிறகு கேலரியின் மேல்படி, பிறகு கீழ்ப்படி என்று இறங்கி வாருங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும், நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேலரிப் படியில் எல்லாரும் ஏறுவதற்குப் பயப்படுவார்கள், முட்டி கெடுவது இறங்கும்போதுதான். முழுப் பாதமும் படியில் பதிய வேண்டும், ஒவ்வொரு படியாக, இரண்டு படி தாண்டிக் குதிக்கக் கூடாது. பனி ஈரம் இருந்தால் அன்றைக்குப் படியே வேண்டாம். ஒன்பதாவது வாரம் ஒரு ஒத்திகை, பாதி அளவில். அதில் விசில் யார், தண்ணீர் யார், கடைசி ஆளோடு யார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடைசி வாரம் லேசான நடை, நல்ல தூக்கம்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டிருக்க வேண்டும், பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். யாராவது இருவர் பயிற்சியே செய்யாமல் ஃபோனும் வண்டிச் சாவியும் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். இந்தப் பத்து வாரத்துக்குள் நாலைந்து பேராவது நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால், ஒருவர் 108-க்கு அழைக்க வேண்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது, களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பொம்மையில் செய்து பழகினால்தான் கை பழகும். டி-ஷர்ட், ஃபிளக்ஸ் என்று வசூல் செய்யப் போகிறார்கள் என்றால், அந்தப் பணத்தில் முதலில் இந்த வகுப்பை நடத்துங்கள். அண்ணன் படத்தை டி-ஷர்ட்டில் போடுவதற்கு முன்னால் அண்ணியைக் கேளுங்கள்.

அண்ணி வரலாம். பிபி கட்டுக்குள் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், மாத்திரையை அன்று காலையும் வழக்கம்போல் போட வேண்டும். சூரிய நமஸ்காரத்தில் தலை கீழே போகும் நிலைகள் கட்டுப்படாத பிபி உள்ளவர்களுக்கும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. அவர்கள் கையை மேலே தூக்குவதோடும் பாதி குனிவதோடும் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வருடமாக வீட்டோடு இருந்தவர் என்றால் முதல் வாரம் பத்து நிமிட நடையே போதும். நீங்கள் கூட நடந்து போங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பையன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 15 வயதில் தன் உடல் எடையை வைத்துச் செய்யும் பயிற்சிகள் எல்லாமே நல்லது, ஜாக்கெட் வேண்டாம். அவன் கேட்பது ஜாக்கெட்டை இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அப்பாவுக்காகக் கஷ்டமான ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறான். பத்து வாரமும் ஒரு நாள் தவறாமல் விடியற்காலையில் வந்து மைதானத்தைத் திறக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துப் பாருங்கள், அது கஷ்டமான வேலைதான். வட்டத்தில் நின்று சத்தமாக எண்ணுவதை அவன் செய்கிறானா என்று கேட்கலாம், ஆனால் தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். ‘இனி அப்பா இடத்துல நீதான்’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அந்த வார்த்தையைப் பாசமாகத்தான் சொல்கிறார்கள், பதினைந்து வயதுப் பிள்ளையால் அதைத் தூக்க முடியாது. அந்த நாளில் அவனுக்குக் குரல் வராமல் போனால் பக்கத்தில் நிற்பவர் அந்த எண்ணிலிருந்து தொடர வேண்டும். அதையும் ஒத்திகையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. திதி நாளில் வீட்டில் ஐயர் வருவார், படையல் முடியும் வரை யாரும் சாப்பிட மாட்டீர்கள். பட்டினியோடு மைதானத்தில் ஓடினால் மயக்கம் வரும், இரண்டுமே கெட்டுப்போகும். முதல் வருடத் திதியும் ஆங்கிலத் தேதியும் பெரும்பாலும் ஒரே நாளில் வராது. திதியை முழுக்க அம்மாவுக்கு விடுங்கள், அவர் சொல்கிறபடி எல்லாம் நடக்கட்டும். அது முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையை மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஊர்களில் இறந்துபோன வீரர் நினைவாகக் கபடிப் போட்டியும் வாலிபால் போட்டியும் நடத்திச் சுழற்கோப்பை கொடுப்பது அம்மா பார்க்காததா? ஓடி விளையாடி ஒருவரை நினைப்பது நமக்குப் புதுசு இல்லை. இதை நீங்கள் சொல்வதைவிட, அண்ணனிடம் பயிற்சி எடுத்தவர்களில் வயதில் மூத்த ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘அம்மா, உங்க பையன் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை ஒருதடவை எல்லாரும் சேர்ந்து செய்றோம், நீங்க வந்து உட்காரணும்’ என்று அழைத்தால் அவர் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

ஏற்காட்டுக்கு ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. சேலத்துக்காரர்களுக்கு எது என்றாலும் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஆனால் அடிவாரத்திலிருந்து மேலே வரை சுமார் 20 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். வருடக்கணக்காக ஓடுகிறவர்களே மாதக்கணக்கில் தயார் செய்துகொண்டு போகிற பாதை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைவுக்கு வளைவு சுற்றுலா வண்டிகள், ஓரத்தில் ஒதுங்க இடம் இல்லை. எல்லாவற்றையும்விட, அங்கே ஓட ஆரம்பித்தால் நாலு பேர் மேலே போய்விடுவார்கள், இருபது பேர் பின்தங்குவார்கள். கடைசி ஆளுக்காகத் திரும்பி ஓடிய மனிதருக்கு அது பொருத்தமாக இல்லை.

வேண்டுமானால் ஒரு மாதம் கழித்து ஒரு வேலை நாளில் எல்லாரும் பஸ்ஸில் ஏறிப் போங்கள். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஐந்தாறு கிலோமீட்டர் நடை. மலையின் உச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் குகைக் கோயில், எல்லாருமே குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நடக்க முடியாதவர்கள் வண்டியில் வந்து மேலே சேர்ந்துகொள்ளலாம். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் அன்று யாராவது நடுவில் அழுதால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, அவரை ஓட்டவும் வேண்டியதில்லை. ஒருவர் கூட உட்கார்ந்தால் போதும். ஒரு வருடம் ஆன பிறகும் உங்களுக்கோ அண்ணிக்கோ தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், அதைப் பயிற்சி மட்டுமே சரிசெய்யும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் வலிப்பது இயல்பு, நடந்தால் சரியாகும். வலி தாங்க முடியாமல் தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது வேறு. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணர்ச்சிவேகத்தில் யாராவது சொன்னதைவிட அதிகம் செய்திருப்பார்கள் என்பதால் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் 24 பேரையும் ஃபோனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினால், படி ஏறுவதை நீங்கள் எந்த வாரத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.